ஒரு தடவை மட்டும் தெரிந்தவை

மார்ச் 4

அன்புள்ள காதுக்காரனுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவேன். போனில் கேட்டால் எப்போதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அந்தப் போனும் இங்கே கேன்டீன் நடையில் ஒன்றே ஒன்றுதான். எனக்குப் பின்னால் நாலு பேர் சாப்பாட்டுத் தட்டோடு நின்று நம் குடும்பக் கதையைக் கேட்கிறார்கள். என் மொபைல் வாசலில் இருக்கும் இரும்பு டிராயருக்குள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரே ஒரு மொபைல் உயிரோடு இருந்தால் போதும், எங்கள் ஆண்டெனாக்களுக்கு அது காதருகே வந்து கத்துகிற மாதிரி இருக்கும். கணினிகளைக்கூட இரும்புத் தகடு அடித்த அறைக்குள் பூட்டி வைத்துத்தான் வேலை செய்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் வருகிற தபால் வேனை விட்டால் நமக்கு வேறு கதியில்லை.

"அவ அங்க என்னதான்டா பண்றா?" என்று அத்தை கேட்டதாகச் சொன்னாய். அவரிடம் இப்படிச் சொல். பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய வெளிச்சம் இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. வருகிற வழியில் ஆறி ஆறி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. மலை மேல் இருக்கிற வேறொரு தொலைநோக்கி அதை அளந்து படம் எடுத்திருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவில் எக்கச்சக்கமான கேலக்ஸிகள் நின்றுகொண்டு தாங்களும் அலைகளை அனுப்புகின்றன. பெரிய சத்தக்காரர்களால் தொல்லை இல்லை. அவர்கள் இருக்கிற இடத்தைப் படத்தில் மறைத்துவிடலாம். மங்கலானவைதான் உயிரை எடுக்கின்றன. தனித்தனியாக அந்தப் படத்தில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாமாகச் சேர்ந்து பழைய வெளிச்சத்தோடு கலந்து, தாங்களும் பழைய வெளிச்சம்தான் என்று நடிக்கும். வானத்தின் ஒரு சின்னத் துண்டை உற்றுப் பார்த்து அந்த மங்கல்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்வதுதான் உன் பெண்டாட்டியின் உத்தியோகம். நான் சொல்வதை வைத்து அவற்றின் பங்கைக் கழிப்பார்கள்.

கழித்துப் பார்த்ததில், மிகச் சிறிய அளவுகளில் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக நிற்கிறது. அது நிஜமாக இருந்தால் பெரிய சேதி. எங்கள் குழுத்தலைவர் தரையில் நிற்கவில்லை. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "அவசரம்". ஜூன் கடைசியில் கட்டுரையை அனுப்பிவிடுவாராம். ஜூன் முப்பதாம் தேதி நான் வீட்டில் இருப்பேன். போன தடவை தேதி தள்ளிப்போனதை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இது உறுதி.

உன்,
வானத்துக்காரி


மார்ச் 12

அன்புள்ள வானத்துக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப இருக்கிறத எண்ணாம, தெரியாதத எண்றாளா?" என்றாள். இதைவிடச் சுருக்கமாக உன் தலைவராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றினேன், இன்னும் சொட்டுகிறது. நாளெல்லாம் மற்றவர்களின் காதுகளைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தச் சொட்டுதான் என்னைச் சோதிக்கிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, தையல்காரர் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தார். நேற்று அம்மா மேஜையில் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் காது சோதனைப் பிரிவு புதிதாகத் திறக்கிறார்களாம், அதைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பார்க்கலாம்.

ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிடும்போது நான் ஒன்று சொன்னேன். உன் காதில் விழுந்ததா, ரயில் சத்தத்தில் போய்விட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. காது பார்க்கிறவன் பெண்டாட்டிக்கே காது கேட்கவில்லை என்றால் ஊர் சிரிக்கும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், குளிருக்குச் சாக்ஸ் போட்டுக்கொள். போட மாட்டாய், தெரியும்.

உன்,
காதுக்காரன்


மார்ச் 21

அன்புள்ள காதுக்காரனுக்கு,

அத்தை கேட்டதை இங்கே சொன்னேன். இரும்பு அறையே சிரித்தது. அவசரம் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டார்.

குழாய்க்கு வாஷர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பித்தளைக் கட்டையே தேய்ந்திருக்கும். அதோடு மாற்றச் சொல். சாக்ஸ் போட்டிருக்கிறேன். இந்த ஒரு நொடி நிஜமாகவே போட்டிருக்கிறேன்.

இந்த வாரம் இரண்டாவது சுற்று முடிந்தது. ஜனவரியில் ஒரு தடவை பார்த்த அதே துண்டு வானத்தை இப்போது மறுபடி பார்த்தோம். இவ்வளவு மங்கலில் கருவியின் இரைச்சலே பொய்ப் புள்ளிகளைக் காட்டும். அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு சுற்றிலும் ஒரே இடத்தில் தெரிந்தால்தான் பட்டியலில் சேர்ப்பேன். ஒரு தடவை மட்டும் தெரிந்தவை தனிக் கோப்புக்குள் போய்விடும், அவற்றை எண்ண மாட்டேன். இந்தச் சட்டம் என்னுடையது, இதற்காக அவசரம் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார். "கண்டதையெல்லாம் நம்புற ஆள் இல்ல இவங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஏனோ இருப்புக்கொள்ளவில்லை. எல்லாம் சரியாகப் போகும்போது எனக்கு எப்போதும் வருகிற நமைச்சல்தான். இரும்பு அறைக்கும் கேன்டீனுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். காற்று விடாமல் அடிக்கிறது. உன் பக்கம் புதிதாக ஏதாவது உண்டா? எழுது.

உன்,
வானத்துக்காரி


ஏப்ரல் 6

அன்புள்ள வானத்துக்காரிக்கு,

உன் சட்டத்தைப் படித்துச் சிரித்தேன். அதை இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறாயே. நம் வீட்டில் ஒன்பது வருஷமாக அதுதானே அமலில் இருக்கிறது. ஒரு தடவை சொன்னதை நீ எப்போது காதில் போட்டுக்கொண்டாய்? அம்மா முன்னால் "நீங்க சொல்லவே இல்லையே" என்பாய். தனியாக இருக்கும்போது "நீ சொல்லவே இல்ல." மரியாதை மட்டும்தான் மாறும்.

புதிதாக ஒன்றுமில்லை. ஒரு பஸ் டிரைவர் மட்டும் என்னைப் போன மாதமெல்லாம் அலைக்கழித்தார். சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். மனுஷர் ஒரு தடவை தூக்குகிறார், அதே ஒலிக்கு அடுத்த தடவை கம்மென்று இருக்கிறார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குத்துமதிப்பாகத் தூக்குகிறார், வேலை போய்விடும் என்ற பயத்தில் கேட்காததையும் கேட்டதாகக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மனுஷரை அதட்டக்கூட அதட்டினேன். "சார், கேக்கும்போதுதான் சார் தூக்குறேன்" என்று கண்கலங்கிவிட்டார்.

ஏதோ உறுத்தியது. வாரம் ஒரு நாள் வரச்சொல்லி நான்கு வாரம் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். சில காதுகளில் கேட்கும் திறனே ஏறி இறங்கும். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் பஞ்சு அடைத்த மாதிரி. அவர் பொய் சொல்லவில்லை, காது வந்து வந்து போகிறது. முதல் நாளே முடித்து அனுப்பியிருந்தால் தப்பாக எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். அதட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

குழாயை மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தச் சொட்டு இல்லாமல் வீடு ரொம்பச் சும்மா இருக்கிறது.

உன்,
காதுக்காரன்


ஏப்ரல் 19

அன்புள்ளவனே,

உன் டிரைவர் என்னைக் கொன்றுவிட்டார்.

கடிதம் வெள்ளிக்கிழமை வேனில் வந்தது. "காது வந்து வந்து போகிறது" என்ற வரிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு இரும்பு அறைக்கு ஓடினேன். "ஒரு தடவை மட்டும் தெரிந்தவை" என்ற கோப்பைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். எல்லாம் இரைச்சல் என்று நான் தள்ளியவை.

சில கேலக்ஸிகளின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கும். அதற்குத் தீனி விழும்போது பளிச்சென்று இருக்கும், விழாதபோது மங்கிப்போகும். இது எனக்குத் தெரியாததா? வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு சுற்றுக்கு நடுவில் அவை மங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரைச்சலுக்குப் பயந்து நிஜத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

ஒரு வாரமாகப் பகல் ஷிப்டில் கிடைத்த இடைவெளியில் எல்லாம் அவற்றில் அறுபதை மட்டும் மூன்றாவது தடவை பார்த்தேன். முப்பத்தெட்டு திரும்ப வந்திருக்கிறது, அதே இடத்தில். இரைச்சலாக இருந்தால் அதே இடத்துக்கு ஏன் வரப்போகிறது?

புரிகிறதா? நான் குறைவாக எண்ணிக் கொடுத்தேன். அவர்கள் குறைவாகக் கழித்தார்கள். கழிக்காமல் விட்டதைத்தான் பெரிய சேதி என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். முழுதும் அதனால்தானா, பாதியா, தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டையும் மாதாமாதம் பார்த்தால்தான் தெரியும். ஏழு மாதம் ஆகும்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஜூன் முப்பது வீட்டுக்கு வந்துவிடுவேன். கட்டுரை போய்விடும், இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறு யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள், என்னை ஒருவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் டிசம்பர். கட்டுரைகூட இருக்காது. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன்,
வானத்துக்காரி


ஏப்ரல் 28

அன்புள்ள வானத்துக்காரிக்கு,

என் வாயே எனக்கு எமன். டிரைவர் கதையை எழுதாமல் மழை, வெயில் என்று நிரப்பி அனுப்பியிருக்கலாம்.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். நீ சொல்லிவிடுவாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள்ளேயே சொல்லியிருப்பாய். ஒன்பது வருஷம் கூட இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? நீ கேட்டது யோசனை இல்லை, சம்மதம். சரி. சம்மதம்.

நான் வேறு என்ன எழுத முடியும்? தப்பென்று தெரிந்தும் கையெழுத்துப் போடு என்று நான் சொன்னால், அந்த டிரைவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அம்மா நலம்.

காதுக்காரன்


மே 9

அன்புள்ள காதுக்காரனுக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள். நீ நினைத்தது சரிதான்.

இரும்பு அறையில் அவசரம் மட்டும் இருந்தார். முப்பத்தெட்டு புள்ளிகளையும் மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"இத ஏம்மா இப்ப சொல்ற?"

"இப்பதான் சார் தெரிஞ்சுது."

"தெரியாத மாதிரி இருந்திருக்கலாம்ல?"

"தெரிஞ்சுபோச்சே சார்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அத்தையின் வாக்கியம் இருந்த கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தன மாசம்?" என்றார். ஏழு என்றேன். "அவசரம் இல்ல. ஒழுங்கா பாரு" என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலும் இரண்டு பேரை உதவிக்குத் தருகிறார். பட்டியல் போட்டாயிற்று, கால அட்டவணை போட்டாயிற்று. டிசம்பர் இருபதுக்குள் முடித்துவிடுவேன். எத்தனை வேலை, எத்தனை வேலை. உனக்குக் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது.

உன்,
வானத்துக்காரி


ஜூன் 2

அன்புள்ளவனே,

ஆறு வேன் வந்துவிட்டுப் போயிற்று. உன் கடிதம் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வாசலில் நான் நிற்பதைப் பார்த்து வேன்காரர் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

நேற்றும் முந்தாநாளும் கேன்டீன் போனிலிருந்து கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்குப் பேச முடிகிற மதிய நேரத்தில் நீ சத்தம் புகாத அறைக்குள் இருக்கிறாய். நீ வெளியே வருகிற நேரத்தில் நான் இரும்பு அறைக்குள். நம் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு உத்தியோகம்.

அத்தைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரி போதும். "நலம்" என்றாவது எழுது.

உன்,
வானத்துக்காரி


ஜூன் 14

அன்புள்ளவனுக்கு,

இன்று ஞாயிறு. மத்தியானம் கட்டில் மேல் ஜனவரியிலிருந்து நீ எழுதிய எல்லாக் கடிதங்களையும் பரப்பினேன். ஏன் எழுதவில்லை என்பதற்கு எங்கேயாவது குறிப்பு இருக்கும் என்று தேடினேன். கை பழக்கத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டது. நீ ஒரு தடவைக்கு மேல் எழுதியவற்றுக்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்கிறேன். குழாய், சாக்ஸ். என் வேலைக்கு உதவியதை விட்டால், ஒரே ஒரு தடவை எழுதியதற்கு ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

உன் சட்டையைத் தையல்காரர் பிடித்துக் கொடுத்தார். நீ இளைத்திருக்கிறாய், சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

அத்தை மூன்று தட்டு வைத்தார். படித்தேன், தாண்டிப் போய்விட்டேன். இன்றைக்கு அந்த வரியில் கை நின்றுவிட்டது.

சொட்டு நின்றபின் வீடு ரொம்பச் சும்மா இருக்கிறது என்று எழுதினாய். நான் உன் டிரைவரோடு ஓடிப்போய்விட்டேன்.

வேறொரு ஊர் ஆஸ்பத்திரி. ஜூன் பதினைந்துக்குள் பதில். அதாவது நாளைக்கு. இந்தக் கடிதம் செவ்வாய் வேனில்தான் போகும். மூன்று மாதம் கையில் வைத்திருந்துவிட்டு ஒரு நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை எழுதினால் காகிதம் கிழியும்.

ஸ்டேஷனில் நீ சொன்னது ரயில் சத்தத்தில் போகவில்லை. கேட்டது. "போகாதே" என்றாய். மெதுவாக, ஒரே ஒரு தடவை. நிஜமாகச் சொல்வதாக இருந்தால் மறுபடி சொல்வாய் என்று ஜன்னலோரம் காத்திருந்தேன். நீ தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். ரயில் கிளம்பிவிட்டது. நான் அதையும் அந்தக் கோப்பில் போட்டுவிட்டேன்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டாயோ இல்லையோ, இரண்டுக்கும் எனக்கு உன்னைக் கேள்வி கேட்க வாயில்லை. ஆனால் நான் உன்னை விட்டுவிட்டு வரவில்லை. அப்படி நீ நினைத்திருந்தால் அது பொய். எனக்கு நீ வேண்டும். இதை நானும் இதுவரை ஒரு தடவைகூட எழுதியதில்லை என்பதையும் இன்றுதான் பார்த்தேன்.

உன்,
வானத்துக்காரி


ஜூலை 3

அன்புள்ள வானத்துக்காரிக்கு,

உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் புது விலாசம் எழுதி, பத்து நாள் சுற்றி இங்கே வந்தது. ஆமாம், புது ஊர். பதினைந்தாம் தேதி காலையில் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் என்னோடுதான். இரண்டு அறை, பெரிய ஜன்னல். சோதனை அறைக்கு இன்னும் கதவு வரவில்லை. கதவில்லாத சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே ஆணி அடிக்கிறார்கள்.

கோபமாகத்தான் இருந்தேன். ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். சம்மதம் என்று எழுதிய கைக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை. இந்த ஊர் விஷயத்தை மறுபடி சொல்லக் கூடாது, அவளாகவே கேட்கட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். எதற்கு அந்த வைராக்கியம் என்று அம்மா கேட்டாள். "நீ சொன்னது அவளுக்குக் கேட்டுச்சான்னு பாத்தியாடா?" என்றாள்.

உன் பட்டியல் சரி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் குற்றம் முழுதும் உன்னுடையது இல்லை. என் தொழிலில் ஒருவர் விரலைத் தூக்கவில்லை என்றால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி அனுப்ப வேண்டும். படித்த முதல் பாடம் அது. ஊரார் காதுக்கெல்லாம் அதைச் செய்கிறேன். வீட்டில் மட்டும் மெதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டு, கேட்கவில்லை என்று உன் பெயரில் எழுதி மூடிவிடுகிறேன். அந்தத் தண்ணீர் பாட்டிலை நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

திரும்பத் திரும்பக் குழாயைப் பற்றி எழுதினேன், சாக்ஸைப் பற்றி எழுதினேன். ஒரு சொல்லை மட்டும் ஒரு தடவைகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் வேலையை முடிக்காமல் ஓடிவரச் சொல்லவில்லை. அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் பாதியில் விட்டால் உனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது, என்னையும் படுத்துவாய். டிசம்பரோ, நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வேனோ, அதை நீ பார்த்துக்கொள்.

வா.

இன்றைக்கு இதைத் தபாலில் போடப்போவதில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை சொன்னால் செல்லாது என்பாய். மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன்.


ஜூலை 4

மறுபடி பார்த்தேன். அதே இடத்தில் இருக்கிறது.

வா.

உன்,
காதுக்காரன்